பதினோராம் நிமிடம்

எங்கள் கட்டடத்து லிஃப்ட் காசு தின்னும்.
எட்டாம் மாடிக்கு ஒரு நாணயம்.
திபிலிசியின் பழைய கட்டடம், கேள்வி கேட்காமல் போடுவேன்.
அந்த வாரம் மட்டும் ஒன்பது நாணயம் போயிற்று,
விரல் நீளப் பச்சைப் பலகை ஒன்றுக்காக.

லேப்டாப்பில் எட்டு ஜிபி ஏற்கெனவே இருந்தது.
பக்கத்துத் துளையில் பதினாறைச் செருகினேன்.
"க்ளிக்" என்றது.
பொருத்தமெல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன்:
பின்களின் எண்ணிக்கை, வோல்டேஜ், தலைமுறை.
ரயிலடிச் சந்தையில் கோச்சா
சூரியகாந்தி விதை கொறித்தபடி சொன்னான்,
"வேகம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே.
ஒத்துப்போகும்."

முதலில் வைஃபை காணாமல் போனது.
பிறகு ஸ்பீக்கரில், காய்ந்த எண்ணெயில் கடுகு.
தூங்கப் போட்டால் எழவில்லை,
எழுந்தால் நீலத் திரை.
வைஃபை கார்டை நொந்தேன், டிரைவரை அழித்தேன்,
ஜன்னலோரப் பனியைக் கூடச் சந்தேகித்தேன்.
கடைசியாக இந்த வீட்டுக்குள் வந்தது யார் என்று மட்டும்
இரண்டு நாள் கேட்கத் தோன்றவில்லை.

என் தொழில் கல்யாண வீடியோ வெட்டுவது.
கையில் இருந்தது தெலாவிக் கல்யாணம்,
நான்கு மணி நேரம், முந்நூறு பேர்.
பதினோராம் நிமிடம், நாற்பதாவது வினாடி:
விருந்தை நடத்தும் ஒதார் எழுகிறார்,
மது நிறைந்த கொம்பை உயர்த்துகிறார்,
"இன்று இங்கே இல்லாத மமுகாவுக்கு..."
நீலத் திரை.

பதினேழு முறை எழுந்தார் ஒதார்.
பதினேழு முறையும் மமுகாவோடு நின்றுபோனார்.
மமுகா யார் என்று எனக்குத் தெரியாது.
அந்தப் பெயரில்தான் கோளாறோ என்று
அதிகாலை மூன்று மணிக்கு ஒருத்தி நினைப்பாள்,
நினைத்தேன்.

திருகுகளை டீத் தட்டில் போட்டேன்.
பேட்டரியைக் கழற்றினேன்.
பள்ளிக்கூட ரப்பரால் தங்கப் பற்களைத் தேய்த்தேன்.
பழையது மட்டும், முதல் துளையில்: ஓடியது.
பழையது, இரண்டாம் துளையில்: ஓடியது.
புதியது இங்கே: ஓடியது. புதியது அங்கே: அதுவும்.
ராத்திரி முழுக்க ஒவ்வொன்றாகச் சோதனையில் விட்டேன்,
விடியும்போது இரண்டிலும் பிழை பூஜ்யம்.
இரண்டையும் சேர்த்துப் போட்டதும்
ஆறே நிமிடத்தில் திரையெல்லாம் சிவப்பு.

கோச்சாவிடம் போய்க் கத்தினேன்.
ஒரே உறையில் இரண்டு வாளா என்றேன்.
"இரண்டும் நல்ல பொருள்தானே" என்றான்.
அதுதான் பிரச்சினை, கோச்சா.
கெட்டதென்றால் உன் முகத்தில் எறிந்திருப்பேன்.

(நான் பார்க்கும் தொழிலுக்கு
இங்கே ஓர் உவமை தானாக வந்து நிற்கும்.
வேண்டாம். போகச் சொல்கிறேன்.)

எட்டைக் கழற்றிச் சர்க்கரை டப்பாவில் வைத்தேன்.
பதினாறு தனியாகப் போதும்.
மூடி போட்டு முடுக்கியபின்
தட்டில் ஒரு திருகு மிச்சம். அதுவும் டப்பாவுக்கு.

வைஃபை வந்தது. கடுகு அடங்கியது.
பதினோராம் நிமிடம். ஒதார் எழுந்தார்.
"இன்று இங்கே இல்லாத மமுகாவுக்கு..."
நின்றுவிட்டார்.
கொம்பு உயர்ந்தபடி, வாய் திறந்தபடி.
பத்து வினாடி. இருபது.
கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி
பவர் பொத்தானில் விரல் வைத்தேன்.

அப்போதுதான், மேசைக் கோடியில்
ஒரு பையன் திராட்சையை வாய்க்குள் போட்டான்.
மெழுகுத்திரி அசைந்தது.
கீழே ஓடுநேரம்
ஒவ்வொரு வினாடியாக ஏறிக்கொண்டிருந்தது.

இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
ஒதாருக்குத்தான் பேச்சு வரவில்லை.

நாற்பத்தொரு வினாடி.
பிறகு எதுவும் சொல்லாமல் குடித்தார்.
எல்லோரும் குடித்தார்கள்.

மணப்பெண்ணின் அம்மா போனில் கேட்டாள்,
"அந்த இடத்தை வெட்டிவிட்டீர்களா?"
இல்லை என்றேன்.
மறுமுனையிலும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
இந்த முறை நான் எந்தப் பொத்தானையும் தேடவில்லை.