துரு

ஃபிட்டர் பிரிவில் என் எண் ஒன்பது.
இருபத்தொரு பேரில் பெண்கள் இரண்டே பேர்.
மற்றவள் முப்புடாதி. அவளுக்குக் கை வேர்க்காது.

எனக்கு வேர்க்கும்.
பேட்டை ஸ்டாப்பில் இறங்கும்போதே தொடங்கிவிடும்.
கிரீஸ் வாசம் வந்து,
வைஸ் வாய் திறந்து என் இரும்பைக் கவ்வுவதற்குள்
உள்ளங்கையில் ஒரு குளம்.
சாக்பீஸ் பொடி பூசினேன். சட்டையில் துடைத்தேன்.
அரம் வழுக்கிக்கொண்டுதான் இருந்தது.
பீடி சுற்றும் அம்மாவுக்குக் கை எப்போதும் காய்ந்திருக்கும்.
யாரிடமிருந்து வந்தது எனக்கு இந்த ஈரம்?

வெள்ளிக்கிழமை ராவிப் பளபளவென்று
டிராயரில் வைத்துவிட்டுப் போவேன்.
திங்கள் காலை
அதன்மேல் என் விரல்கள் முளைத்திருக்கும்,
செம்மண் நிறத்தில், ரேகை ரேகையாக.
“ஏட்டி, நீ களவாங்கப் போகவே முடியாது” என்பாள் முப்புடாதி.
சிரிப்பேன். வயிறு சிரிக்காது.

அரையாண்டுத் தேர்வு.
ஒன்றுக்குள் ஒன்று உட்காரவேண்டிய இரண்டு துண்டு.
இடையில் தலைமுடியில் பாதி கனம்கூட விடக்கூடாது.
ஆறு மணி நேரம்.
வெர்னியரின் கோடுகள் எறும்பாய் ஊர்ந்தன.
கடைசியில் ஒரு இழுப்பு கூடிவிட்டதோ?
அந்த ஒரு இழுப்பை
விடிய விடியப் பாயில் கிடந்து ராவினேன்.

மறுநாள் மேசையில் இரண்டு ஜாப் மிச்சம்.
ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே பஞ்ச்;
அடியில் கோடு போட இருவருமே மறந்திருந்தோம்.
வள்ளியூரிலிருந்து வந்த தேர்வாளர்
ஒன்றை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
பொருத்தில் வெயில் கசிந்தது.
அடுத்ததைப் பிடித்தார்.
இருட்டு. சுத்தமான இருட்டு.
“எது யாருது?”
நான் யோசிக்கவேயில்லை.
வெயில் கசிந்ததைத் தொட்டேன்.

ஆறாம் எண் மாசானமுத்து
மற்றதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.
வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் அவன்.
“சார், இதுல துரு ஏறியிருக்கு. நாலு வெரலு.
இது அந்தப் பிள்ளைக்கதுதான்.”

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள்.
அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.
ஆர்ச் திருப்பத்தில்
பிடித்திருந்த கம்பி வழுக்கியது.
சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன்.

திங்கட்கிழமை வெல்டிங் தொடங்குகிறது.
தீப்பொறி எப்படியிருக்கும் என்று முப்புடாதி கேட்கிறாள்.
அதைச் சொல்வதற்குள்ளேயே
வேர்க்கிறது.