ஒரு மணி நேரத்தில் இறங்கும் தூரம்

டானிங்டன் இறக்கத்தில்
மருந்துக் கடை மாடியில் லேப்.
ஸ்வெட்டர் கையை என்னால் சுருட்ட முடியவில்லை.
போஜன்தான் சுருட்டிவிட்டான்,
பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்குச் செய்வதுபோல.

நான்கு குப்பி ரத்தம்.
அதிலிருந்து ஒரு ஒல்லிக் குழாயை நிரப்பி
நேராக நிறுத்திக் கடிகாரம் பார்த்தான்.
"ஒரு மணி நேரத்தில்
சிவப்பு எவ்வளவு இறங்குதுன்னு பார்க்கணும், அக்கா.
உள்ளே எரிஞ்சா வேகமா இறங்கும்.
எங்கே எரியுதுன்னு மட்டும் சொல்லாது."

ஜன்னலில் மிஸ்டு ஏறியது, கலைந்தது.
யூனிஃபார்ம் கடையில்
காஜா எடுக்கிற விரல்களை
மடியில் ஒளித்துவைத்திருந்தேன்.

அறுபத்தெட்டு.
இருபதுக்குள் இருக்கணுமாம்.

மூன்றாம் நாள் இன்னொரு தாள்.
ஆர்.ஏ. ஃபேக்டர்: நெகட்டிவ்.
மாடிப்படியிலேயே படித்துவிட்டு
"பார், ஒன்றுமில்லை" என்றார் சந்திரபோஸ்.
ஒன்றுமில்லாத அந்தக் கை
அரவேணு பஸ்ஸின் கம்பியைப் பிடிக்க முடியாமல்
நழுவியது.
யார்மீதோ சாய்ந்தேன்.
குடித்திருக்கிறாளா என்று பார்த்தார்கள்.

ஆன்டி சிசிபி
கோயம்புத்தூர் போய் வர மேலும் நான்கு நாள்.
இருநூறைத் தாண்டியிருந்தது.
இவர் அதை இரண்டுமுறை படித்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் ஹெப்சிபா
தாள்களை ஓரமாய் நகர்த்தி
கணுக் கணுவாய் அழுத்தினார்.
சிலதுக்குக் கத்தினேன்.
"முதல் சோதனை நெகட்டிவ் ஆனாலும்
இந்த நோய் இருக்கலாம்.
பாசிட்டிவ் ஆகியும் சிலருக்கு
இருப்பதில்லை" என்றார்.
பிறகு,
"காலையில் எத்தனை மணிக்கு
கை உங்கள் கையாகிறது?"

எட்டு மாதமாக
யாரும் கேட்காத கேள்வி.
பத்து என்றேன்.
மழையென்றால் பதினொன்று.

எண்களுக்கெல்லாம் மேலே
அதை எழுதினார்.