எரியாமலே வெந்தது

பதினான்காம் குடைவில் பல் உடைந்து நின்றது இயந்திரம்.
நிலக்கரி இருக்கவேண்டிய இடத்தில்
சாம்பல்கறுப்பாய் ஒரு சுவர். டோலரைட்.
மாசிபுக்கோ ஒரு துண்டைச் செய்தித்தாளில் சுற்றி
டன்டீ ஆய்வகத்தில் என் மேசைமேல் வைத்தார், மீன் மாதிரி.
கூடவே ஒரு சாக்கு: சுவரை ஒட்டிய கரி.
"இது விற்குமா, சொல்லு படையாச்சி."

மூசையில் ஒரு கிராம். தொள்ளாயிரம் பாகை. ஏழு நிமிடம்.
நல்ல கரி என்றால் கால்பங்கு ஆவியாகி மூடியை ஆட்டும்.
இது வாயே திறக்கவில்லை.
ஐந்து விழுக்காடு. மறுபடி செய்தேன், ஐந்தேகால்.
உள்ளே கிடந்ததையெல்லாம்
பதினெட்டுக் கோடி ஆண்டுக்கு முன்பே
யாரிடமோ சொல்லித் தீர்த்திருக்கிறது.

கல்லை அறுத்து,
முடியைவிட மெல்லிசாகத் தேய்த்துப் பார்த்தேன்.
ஓரம் மாவு. குளிர்ந்த கரியைத் தொட்டதும் உறைந்தது,
படிகம் கட்ட நேரமில்லை.
நடுவில் நேரம் இருந்திருக்கிறது:
பிளாஜியோகிளேஸ் ஈர்க்குச்சிகளாய் முதலில் வந்து கிடக்க,
பிந்தி வந்த பைராக்சீன் அவற்றை விலக்காமல்
சுற்றி வளைத்து வளர்ந்திருக்கிறது.
சுண்ணாம்பும் மக்னீசியமும் போகப் போக,
கடைசித் துளியில் மிச்சம் சிலிக்கா, பொட்டாசியம், கொஞ்சம் நீர்.
எந்தப் படிகமும் சேர்த்துக்கொள்ளாதவை
மூலையில் ஒதுங்கி
எழுத்துப் போல ஏதோ கிறுக்கியிருந்தன.
ஒரே குழம்புதான்.
ஆற எவ்வளவு அவகாசம் கிடைத்தது, அவ்வளவே பேதம்.

அறிக்கையில் ஒரு கட்டம்: பாறை வகை.
'ஊடுருவியது' என்று எழுதும்போதெல்லாம் பேனா ஒரு கணம் நிற்கும்.
எங்கள் பேருக்கு நேரேயும் ஒரு காலத்தில்
கப்பல் எண்ணோடு இன்னொரு சொல்...
போகட்டும். கல்லுக்கு என்ன தெரியும்?
விரிசல் இருந்தது, ஏறியது,
வெயிலைப் பார்க்காமலே பாதிவழியில் நின்றது.

கரியைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லும்.
அதை யாரும் கேட்கவில்லை.

ஐந்தரைக்கு மாசிபுக்கோ போன் செய்தார்.
"விற்காது," என்றேன். "ஆவி இல்லை. புகையும் வராது."
"புகையாதா?"
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"தங்கை வீட்டில் குழந்தைக்கு இழுப்பு.
அந்தச் சாக்கை எடுத்துக்கொள்ளவா?"

எடுத்துக்கொள்ளுங்கள்.
பற்றவைக்கத்தான் பாடு, பற்றினால் நின்று எரியும்.
ஆனால் ஜன்னலைத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள்,
குளிரடித்தாலும்.
புகையாத கரி
சொல்லாமல் செய்யும்.