இரண்டாம் பாதி இழுவை

மண்டபத்துக்குக் கடைசிப் பேருந்து
பத்து ஐந்துக்கு.
ராமநாதபுரத்தில் மாலைக் காட்சி
ஒன்பதே முக்காலுக்கு விடும், விட்டால்.
இதுவரை எழுதிய நூற்றுப் பதினேழு விமர்சனங்களில்
'இரண்டாம் பாதி இழுவை' என்று வருகிற இடமெல்லாம்
கொஞ்சம் அந்தப் பேருந்தின் கருத்து.
யாரிடமும் சொன்னதில்லை.

பகலில் டோக்கன் கொடுக்கிறேன்.
திங்கள், புதன், சனி.
படகு எண், ஆள் கணக்கு, டீசல், கையெழுத்து.
கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து
நயினா முகமது கேட்பார்:
"படம் பாக்கலாமா வேணாமா சார்?
மொதல்ல அதச் சொல்லுங்க."
அதைச் சொல்லாமலிருக்கத்தான்
வெள்ளிக்கிழமைப் பத்தியில்
முந்நூறு சொல் எழுதியிருப்பேன்.

போன மாதம் ஒரு படம்.
பாம்பன் பாலம் பின்னால் தெரிய
நாயகன் தனியாளாக வலை இழுக்கிறான்.
ஒளிப்பதிவுக்கு ஒரு வாக்கியம்
எனக்குள் தயாராகிவிட்டது.
"கச்சான் ஏறிருச்சு!" என்று கத்துகிறான் அவன்.
பின்வரிசையில் சிரிப்பு.
தங்கச்சிமடத்துப் பையன்கள், ஏழெட்டுப் பேர்.
"கொடி எந்தப் பக்கம் பறக்குது பாருடா."
மேற்கே பறந்தது.
அதற்குப் பிறகு அவன் காதலித்தபோதும் சிரித்தார்கள்,
அடிவாங்கியபோதும்.
தாய் சாகிற காட்சியில் மட்டும்
ஒருவன் மூக்கைச் சிந்தினான்.

மூன்று நட்சத்திரம் கொடுத்தேன்.
கொடியைப் பற்றிய வரியை
மதுரையில் பொன்னழகு வெட்டிவிட்டார்:
"பொதுவாசகனுக்குக் காத்து எதுக்குய்யா?"
பாவம், அவருக்கும்
நகைக்கடை விளம்பரத்துக்கு இடம் வேண்டும்.

பிறகு நாவல் வந்தது. கனத்த அட்டை.
புருஷன் திரும்பாத ஒருத்தி
கரையில் நிற்கிறாள், நாற்பத்தொரு பக்கம்.
'காத்திருப்பே இங்கு மொழியாகிறது'
என்று எழுதினேன்.
எனக்கே பிடித்துப்போய்
எழுந்துபோய் ஒரு டீ குடித்தேன்.

அந்தப் புத்தகத்தை இன்னாசியம்மா கேட்டாள்.
சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிறவள்.
அவள் புருஷனுக்கு அக்கரைச் சிறையில்
இது ஐந்தாவது மாதம்.
மனுவுக்கு நகல் எடுக்க வருவாள்.
"கடலப் பத்தின கததானே?"

பன்னிரண்டாம் நாள் திருப்பினாள்.
உப்புத்தண்ணி பட்டு ஓரமெல்லாம்
அப்பளம்போலப் பொரிந்திருந்தது.
"நல்லாத்தான் எழுதிருக்கு" என்றாள்.
நகல் எந்திரம் சூடாகும்வரை
வேறெங்கோ பார்த்தாள்.
"நாப்பது பக்கமா நிக்கிறாளே சார்,
தவணைக்குக் குழுக்காரி
ஒரு நாள்கூடவா வரல?
தண்ணி வத்துனா
பாசிக்கு எறங்க வேணாமா அவ?"
நான் கலைநயம் என்று ஏதோ தொடங்கினேன்.
அவள் கேட்கவில்லை.
"நாத்தனாகூடச் சண்ட போடுற எடம் மட்டும்
ரெண்டு தரம் படிச்சேன்.
வாய நல்லா குடுத்திருக்காரு."

எந்தச் சண்டை?
அன்றிரவு தேடினேன்.
இருநூற்றெட்டாம் பக்கம்.
முதல் வாசிப்பில் தாவிக் கடந்திருக்கிறேன்,
வியாழன் மாலைக்குள் அனுப்பவேண்டிய அவசரத்தில்.
செம்பு அண்டாவில் பங்கு கேட்கிறாள் நாத்தனார்.
இவள் சொல்கிறாள்:
'தூக்கிட்டுப் போ.
அதுல ஒங்கண்ணன் வச்சுட்டுப் போன
அரவயித்தையும் சேத்துத் தூக்கு.'
விளக்கை அணைத்த பிறகும்
அண்டா உருளும் சத்தம் கேட்டது.

விமர்சனம் வெளியாகி
மூன்று வெள்ளி போய்விட்டது.
எங்கள் பத்திரிகையில் திருத்தம் போடுவது
பெயர் தப்பினால் மட்டும்.

புதன்கிழமை, விடிகாலை, நீண்ட வரிசை.
"அந்தக் கடல் புஸ்தகம் எப்பிடி சார்,
வாங்கலாமா?"
"இருநூத்தி எட்டாம் பக்கம் நல்லாருக்கு."
"மத்தது?"
"மத்தத இன்னாசியம்மாட்ட கேளுங்க."
நயினா முகமது என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
பின்னாலிருந்தவர்கள் முனகினார்கள்.
ஆள் எத்தனை என்று கேட்டேன்.
ஆறு என்றார்.