அரை மாத்திரை

இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குப்
படிவம் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்.
இப்போது ஒன்பது இருபது.
டன்டினோங் ஸ்டேஷனுக்கு எதிரே
மசாலாக் கடைக்கு மேலே எங்கள் அறை.
ஜூலைக் குளிர். ஹீட்டரின் இரண்டு கம்பியில்
ஒன்றுதான் சிவக்கிறது.

கேள்வி நான்கு: உங்கள் பத்திரிகையில் எத்தனை பேர்?
இரண்டரை என்றான் கஜரூபன்.
அந்த அரை நான்.
பகலில் பல் டொக்டரின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன்.
படிவம் தசமத்தை ஏற்காது.
மூன்று என்று போட்டோம்.
முதல் பொய். சின்னது.

'வேறு செலவுகள்' நிரையில்
சட்டத்தரணிக்கு நானூறு டொலர்:
கோழிக் கொம்பனி அனுப்பிய கடிதத்தை
ஒருமுறை வாசித்து
ஒருமுறை பெருமூச்சு விட்டதற்கு.

கேள்வி ஏழு:
உங்கள் பணியால் சனநாயகம் எவ்வளவு வலுப்பெறும்?
அளக்கக்கூடிய அலகில் சொல்லுங்கள்.

போன மாசியில் நகரசபைக் கூட்டம்.
பார்வையாளர் வரிசையில் நான் ஒருத்தி, மிச்சம் கதிரைகள்.
பன்னிரண்டாம் தீர்மானத்தை
விழுங்கி விழுங்கி வாசித்த கவுன்சிலர்
நிமிர்ந்தார், என் பேனாவைக் கண்டார்,
தாளைத் திருப்பி
முதலில் இருந்து, நிறுத்தி நிறுத்தி, மறுபடி வாசித்தார்.
அந்த மறுபடி
எத்தனை கிலோ, கஜரூபன்?
அவன் 'ஒன்று' என்று எழுதிவிட்டு
அலகு என்ற கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்தரைக்குத் தலையிடி.
பனடோல் ஒன்றுதான் இருந்தது, உடைத்தோம்.
அவனுக்கு அரை, எனக்கு அரை.

கேள்வி ஒன்பது:
உங்கள் மொழியில் ஒரு மாதிரி, ஐந்நூறு எழுத்துக்குள்.
ஒட்டிய உடனே சிவந்தது கட்டம்.
அதன் கணக்கில்
க என்றால் ஒன்று,
க் என்றால் இரண்டு.
பள்ளிக்கூடத்தில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை.
இங்கே
ஒலி பாதியானால் விலை இரட்டை.

வெட்டத் தொடங்கினோம்.
மணித்தியாலம் மணி ஆயிற்று.
கிட்டத்தட்ட போயிற்று, அதில் மூன்று புள்ளி.
'சம்பளத் துண்டில் எட்டு மணி.
அவள் காலில் பதினொன்று.'
கிட்டத்தட்ட இல்லாத வசனம்
எங்களைவிடத் துணிச்சலாக நின்றது.
பயந்து,
அந்தச் சொல்லைத் திரும்பப் போட்டு
பத்திரிகையின் பெயரை வெட்டினோம்.

கேள்வி பதினொன்று:
பயன்பெறுவோர் ஒருவரின் பெயர், தொலைபேசி இலக்கம்.

கோழி வெட்டும் இடத்தில் சாம வேலை அவளுக்கு.
வந்த நேரம் பதியவென்று
கொம்பனி போனில் இறக்கித் தந்த செயலி
வேலை முடிந்த பிறகும் முடிவதில்லை,
எந்தப் பஸ், எந்த வீடு, எந்தக் கோயில் என்று
கூடவே வரும்.
அதனால் எங்களிடம் வந்த அன்று
போனைத் தங்கச்சியிடம் கொடுத்து
பூங்காவைச் சுற்றி நடக்கவிட்டாள்.
சம்பளத் துண்டுகள் பதினாறையும்
ரொட்டிப் பையிலிருந்து எடுத்து வைத்தாள்.
எல்லாம் எழுதுங்கோ,
என்ர பேரை மட்டும் விடுங்கோ.

விட்டோம்.
இந்தக் கட்டம் கட்டாயம் என்றது சிவப்பு எழுத்து.
மறுபடி விட்டோம்.
மறுபடி கட்டாயம்.
பதினொன்று நாற்பத்தாறு.

கஜரூபன் ஒரு விரலால்
பெயருக்கு ஒரு புள்ளி,
இலக்கத்துக்கு ஒரு புள்ளி.

படிவம் ஏற்றுக்கொண்டது.

பிரதி ஒன்று மின்னஞ்சலில் வந்தது,
இந்த முகவரிக்குப் பதில் எழுதவேண்டாம் என்ற குறிப்போடு.
ஒன்பதாம் கேள்வியில் எங்கள் தமிழ்
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
எழுத்து இருந்த இடமெல்லாம் வெறும் வட்டம்.
நீதிபதிகள் இதைத்தான் வாசிப்பார்கள் என்று
அவன் சிரித்தான், நானும்,
ஹீட்டரை நிறுத்திவிட்டு.

பதினொன்றாம் கேள்வியில் மட்டும்
வைத்தது வைத்தபடி
புள்ளி.