காற்புள்ளி

ஒரு குறிக்கு ஒரு வரி:
அட்சரேகை, தீர்க்கரேகை, பெயர்.
இந்த ரூட் எடிட்டர் வேறெதுவும் கேட்பதில்லை.
பன்னிரண்டு வரிகளைத் தட்டிச் சேமித்து
வரைபடத்தைத் திறந்தால்
வைசோச்சினா மேட்டில் ஒன்றுகூட இல்லை.

தேடிக்கொண்டே போனேன்.
தெற்கே, ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில்
யாருடையதோ ஒரு வயலில்
பன்னிரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக,
எழுத்தின்மேல் எழுத்து ஏறி
வாசிக்க முடியாத ஒற்றைக் கம்பமாக நின்றன.

எல்லாம் காற்புள்ளி செய்த வேலை.
நாங்கள் செக்கர்கள், பின்னத்துக்கு முன்னால்
காற்புள்ளி போட்டே பழகியவர்கள்:
பால் விலையில், காய்ச்சல் அளவில்,
பாதையோரத்துக் கிலோமீட்டர் கல்லில்.
மென்பொருளுக்குப் புள்ளிதான் தெரியும்.
காற்புள்ளியைக் கண்டால் அதற்கப்புறம் இருப்பதைப்
படிக்காமலே விட்டுவிடுகிறது.
நாற்பத்தொன்பது, பதினைந்து.
முழு எண்களில் ஒரு கிளைப்பாதைக்கு
இடம் அவ்வளவுதான்.

"நல்லதாகப் போயிற்று,
எல்லாரும் ஒரே இடத்தில் ஏறிக்கொள்ளலாம்,"
என்று ட்ரஹோமீரா சிரித்தாள்.
பிப்ரவரிக்குப் பிறகு
இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.
ஒரு காற்புள்ளி அழிந்தால் ஒரு நிலையம் ஊர் திரும்பியது.
கமென்னா லூக்கா.
மரஅறுவை ஆலையின் பக்கப்பாதையோடு ஹோரக்கோவ்.
யாரும் ஏறாத, ஒருவர் மட்டும் இறங்குகிற
டோல்னி வ்ர்போவெட்ஸ்.
பத்தொன்பது வருடம் இந்தப் பாதையில்
நாளுக்கு ஆறு நடை ரயில்பஸ் ஓட்டியிருக்கிறேன்.
எந்தப் பாலத்தில் தேநீர் தளும்பும் என்றுகூடத் தெரியும்.

நிலையங்கள் பதினொன்று.
பன்னிரண்டாவது நிலையமல்ல.
கிலோமீட்டர் முப்பத்தொன்று, காற்புள்ளி, நான்கு.
தடுப்புக்கட்டை இல்லாத கடவை.
பனி. ஒரு சைக்கிள்.
பிரேக் போட்ட பிறகும் இருநூற்றுப் பத்து மீட்டர்.

ஊதல் ஒலிக்கப்பட்டது என்று எழுதினார்கள்.
வேகம் விதிக்குள் இருந்தது என்றும்.
"இதற்கு ஒரு முற்றுப்புள்ளி வையுங்கள், திரு. ஹவ்ரானெக்,"
என்று மருத்துவர் சொன்னார்,
விடுப்பை இன்னொரு மாதம் நீட்டிக்கொண்டே.
எடிட்டரும் அதையேதான் சொல்கிறது.

அந்த ஒரு வரியில் மட்டும் நான் வைக்கவில்லை.
பதினொன்று வீடு வந்துவிட்டன.
அது தெற்கே தனியாக நின்றது.
மேலே வேறு எழுத்து ஏதும் இல்லாததால்
இப்போது நன்றாக வாசிக்க முடிந்தது.
பெயரில்லாத குறியை எடிட்டர் ஏற்காது;
விசாரணைத் தாளில் இருந்த பெயரைத்தான் இட்டிருந்தேன்.
ஷ்டெபான்கா.

காபி வைக்க வந்த ட்ரஹோமீரா
திரையைப் பார்த்தாள்.
கோப்பையின் காதை
என் கைப்பக்கம் திருப்பிவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் அப்படியே விட்டேன்.
தண்டவாளம் போட்டேன், கரை கட்டினேன்,
ஆயிரத்துச் சொச்சம் பிர்ச் மரங்கள் நட்டேன்.
சாலை போடும்போது இடித்தது.
கடவை எங்கே என்று குறி இல்லாமல்
கண் அளவில் போட்ட சாலை
தண்டவாளத்துக்கு நாற்பது மீட்டர் தள்ளி
ஒரு பள்ளத்தில் போய் முடிந்தது.
அழித்துப் போட்டேன். மறுபடியும் பள்ளம்.

சரி, வா
என்று வாய்விட்டே சொல்லிவிட்டுப்
புள்ளி வைத்தேன்.

இந்தக் குறிகள் கட்டுகிறவனுக்கு மட்டும்தான்.
வண்டி கிளம்பிவிட்டால் கம்பமும் தெரியாது, பெயரும் தெரியாது.
நேற்று இரவு முதல் ஓட்டம்.
ஹோரக்கோவைத் தாண்டிய வளைவில்
சாலை ஒழுங்காக வந்து
தண்டவாளத்தைக் கடந்து அந்தப்பக்கம் போயிற்று.
சாலையில் ஒருவரும் இல்லை.
ஊதல் பலகை வருமுன்பே விசையை அழுத்தினேன்,
கடவை கழிந்தும் விரலை எடுக்கவில்லை.

கீழ்வீட்டு வோண்ட்ராச்செக்
ரேடியேட்டர் குழாயை மூன்று முறை தட்டினார்.
தட்டட்டும்.
அவருக்குக் கேட்டிருக்கிறது.