கொண்டைக்கடலை

செந்தூல் ரயில் பட்டறைக்குப் பின்னால்
எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி அறையில்
சனிக்கிழமை மட்டும் அரிசி வாசனை.
பலகையில் பாதி அழிந்த மனப்பாட வசனம்,
அதன் கீழே என் கையெழுத்தில்:
அரிசி ஐந்து கிலோ, எண்ணெய் ஒன்று,
சார்டின் மூன்று, முட்டை பத்து,
கொண்டைக்கடலை ஒரு கிலோ.

கடலை ஒருவர் காணிக்கை.
கிள்ளானில் கிடங்கு வைத்திருக்கிறார்.
லோரியில் மூட்டை மூட்டையாய் இறக்கிவிட்டு
ரசீதுகூட வேண்டாமென்று போனார்.
அவருக்காக எழுந்து நின்று ஜெபித்தோம்.

என் வேலை பதிவேடு.
பெயர், அட்டை எண், வீட்டில் எத்தனை பேர்.
மற்ற நாள்களில் உதிரிபாகக் கடையில்
இதே பேனாவால் பேரிங் எண்ணுகிறவள்.
சின் பெயர்களை முதலில் தப்பாக எழுதினேன்,
பிறகு அந்தத் தப்பையே ஒழுங்காக எழுதிவந்தேன்.
நுன் பார் என் ஏட்டில் இரண்டு வருடமாக நூனு பாரு.
அவளும் அதற்கே கைதூக்கப் பழகிவிட்டாள்.

ஆகஸ்டில் ஒரு சனி, யாருமே வரவில்லை.
முந்தின இரவு பிளாட்டுக்கு இமிகிரேசன் வந்ததாம்.
மூன்று லோரி என்றார் எமர்சன்,
ஐந்து என்றார் ஜெபக்கனி அக்காள்.
நாற்பத்திரண்டு பைகள்
குட்டி நாற்காலிகளில்
பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.
ஜெபிக்கலாம் என்றார் ஒருவர்.
முட்டை கெட்டுவிடும் என்றார் ஒருவர்.
காற்றாடி இருவருக்கும் தலையாட்டியது.

பதினொன்றரைக்கு ஒரு சைக்கிள்.
லியான் முவாங், நுன் பாரின் மகன், பன்னிரண்டு வயது.
நீட்டிய தாள் கணக்குப் பரீட்சையின் பின்பக்கம்.
மலாயில், மாடி மாடியாக:

நான்கு, இடது: பால்மாவு. அப்பாவைப் பிடித்துவிட்டார்கள்.
நான்கு, வலது: யாரும் இல்லை. பூனைக்கு சார்டின்.
ஆறு, செனுவாரா: காய்ந்த மிளகாய், பெண்களுக்கான பேட்.
ஒன்பது: கதவில் தொங்கவிடவும். தட்ட வேண்டாம்.

கடைசியில் இரண்டு கோடு போட்டு,
எல்லா மாடிக்கும்:
கச்சாங் கூடா வேண்டாம், நன்றி.

மலாயில் கூடா என்றால் குதிரை.
தமிழில் அது ஏற்கெனவே மறுப்பு.

சத்தானதாச்சே, என்றார் ஜெபக்கனி அக்காள்.
பையன் யோசித்துச் சொன்னான்:
ராத்திரியே ஊறப்போடணும், ஆன்ட்டி.
ஓடச் சொன்னால்
ஊறின கடலையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.
குறையாக இல்லை,
சமையல் குறிப்புபோல.

பைகளை அவிழ்த்தோம்.
எமர்சன் தைரியநாதன், இருபது வருட டீக்கன்,
கடைக்குப் போய்
பேட் பொட்டலங்களைச் செய்தித்தாளில் சுற்றச் சொல்லாமல்
நெஞ்சோடு அணைத்து ரோட்டைக் கடந்துவந்தார்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை.
ஆறாம் மாடியில் கதவு ஒரு விரல் அகலம் திறந்தது.
ஒரு கண். அதன் கீழே இன்னொரு, சின்னக் கண்.
பழக்கத்தில் கேட்டுவிட்டேன்:
வீட்டில் எத்தனை பேர்?

கதவு மூடிக்கொண்டது.

நேற்று இரவும் இதே கேள்விதான்,
இதே மலாயில்,
கையில் இதேபோல் ஓர் ஏட்டோடு
என்பது படியிறங்கும்போது
மூன்றாம் மாடியில் உறைத்தது.
மேலே தாழ்ப்பாள் விலகும் சத்தம்.
பை உரசும் சத்தம்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கு என் ஏட்டில்
மாடி எண்கள் மட்டும் இருக்கின்றன.
கணக்கு ஒத்துவரவில்லை என்று
ஜெபக்கனி அக்காள் இரண்டுமுறை சொல்லிவிட்டார்.
நுன் பார் என்று மட்டும் திருத்தி எழுதினேன்.
அவள் இன்னும் வரவில்லை.

கடலையா?
மூன்று மாதம், ஆராதனை முடிந்ததும் சுண்டல்.
கடுகு, தேங்காய்ப்பூ, ஒரு பிடி மாங்காய்.
ஒரு ஞாயிறு கிள்ளான்காரரே வந்திருந்தார்,
காகிதக் கிண்ணத்தோடு என் பக்கத்தில் நின்று கேட்டார்:
அந்தக் குடும்பங்களுக்கெல்லாம் பிடித்ததாம்மா?

வாய் நிறைய சுண்டல்.
தலையை ஆட்டினேன்,
எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி.